கழுத்துப்பட்டையும் கேள்விகளின் வரிசையும்

விதர்ப்பப் பகுதியில் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த சிறிய அரசு மருத்துவமனை அது. அங்கே எக்ஸ்ரே உண்டு, சி.டி. ஸ்கேன் இல்லை. அதற்கு நாகபுரிக்குத்தான் செல்லவேண்டும். ஆம்புலன்ஸ் உடனே கிடைத்தாலும் இரண்டு மணிநேரப் பயணம். அவசரப் பிரிவின் அலமாரியில் டிசம்பர் மாதத்து அந்த இரவில் கடினமான கழுத்துப்பட்டை ஒன்றுகூட இல்லை. இருந்த இரண்டும் முந்தைய வாரம் நாகபுரிக்கு அனுப்பப்பட்ட நோயாளிகளின் கழுத்தோடு சென்றிருந்தன. அவ்வாறு சென்ற பட்டைகள் திரும்பி வருவதில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

பணியில் இருந்தவர் எம்.பி.பி.எஸ். முடித்து இரண்டாண்டுகளே ஆன இளம்பெண் மருத்துவர். துணைக்கு இருபதாண்டு அனுபவமுள்ள மூத்த செவிலியர் ஒருவரும், வார்டு உதவியாளர் ஒருவரும் இருந்தனர்.

இரவு ஒன்பதரை மணிக்கு ஆம்புலன்சில் கொண்டுவரப்பட்டவர் ஒரு பள்ளி ஆசிரியர், வயது 38. சுங்கச்சாவடி வரிசையில் நின்றுகொண்டிருந்த அவருடைய காரைப் பின்னால் வந்த மற்றொரு கார் இடித்திருந்தது. அவர் தாமே இறங்கி, இடித்தவரோடு சிறிது நேரம் வாதாடி, வண்டியை ஓரமாக நிறுத்தியும் இருக்கிறார். அரைமணி நேரம் கழித்துக் கழுத்து இறுகத் தொடங்கியதும் யாரோ ஆம்புலன்சை அழைத்துவிட்டனர். வந்தவர்கள் தமக்குக் கற்பிக்கப்பட்டபடியே கழுத்துக்குப் பட்டை போட்டு, நீண்ட பலகையில் கிடத்தி, நெற்றியிலும் மார்பிலும் இடுப்பிலும் வார் இழுத்துக் கட்டினர். முதலில் கொண்டுபோன தனியார் மருத்துவமனையில் அவரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், கழுத்து விஷயம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். இங்கே வந்து சேர்ந்தபோது அவர் பலகையில் கட்டப்பட்டு மூன்று மணிநேரம் ஆகியிருந்தது.

எங்கே வலிக்கிறது என்று மருத்துவர் கேட்டார். தலையின் பின்புறம் எரிகிறது என்றார் ஆசிரியர். பலகையில் அழுந்தி வால் எலும்பு விண்விண்ணென்று தெறிக்கிறது என்றார். சிறுநீர் கழிக்க வேண்டும், ஆனால் படுத்தபடி முடியவில்லை என்று கூச்சத்தோடு சொன்னார். கழுத்தைப் பற்றிக் கடைசியாகத்தான் சொன்னார். அதுவும், கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது என்று மட்டுமே.

அடுத்த நிமிடம் அவருக்கு வாந்தி வந்தது. மல்லாந்து கட்டப்பட்ட மனிதனின் வாய் நிறைந்தால் அது போவதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. அந்த வழி நுரையீரலில் முடிகிறது. செவிலியரும் உதவியாளரும் ஆம்புலன்ஸ் ஊழியர் இருவரும் சேர்ந்து பலகையோடு அவரைப் பக்கவாட்டில் சாய்த்தனர். மருத்துவர் உறிஞ்சுகுழாயை வாயில் செலுத்தினார். எல்லாம் அரை நிமிடத்தில் முடிந்தது. ஆயினும் அந்த அரை நிமிடத்தில் ஆசிரியரின் முகம் கறுத்துச் சிவந்ததை அனைவரும் பார்த்தனர்.

உதவியாளர் மெல்லச் சொன்னார்: “நாகபுரிக்கே அனுப்பிவிடலாம் மேடம். நமக்கு எதற்கு வம்பு?”

அந்த யோசனை பொறுப்பற்றதன்று. இந்தியாவின் பல அவசரப் பிரிவுகளில் நாள்தோறும் நடப்பதும் அதுவே. கட்டியவர் ஒருவர் இருக்க, அவிழ்த்தவர் இன்னொருவராக இருந்து, நாளைக்கு ஏதேனும் நேர்ந்தால் கேள்வி அவிழ்த்தவரை நோக்கியே வரும். மருத்துவச் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்த பிறகு, அந்தக் கேள்விக்கு வழக்கின் நிழலும் சேர்ந்துகொண்டது. அந்த மருத்துவமனையின் பதிவேட்டிலும் ‘கழுத்துப்பட்டை போடப்பட்டதா?’ என்று ஒரு கட்டம் உண்டு. ‘பரிசோதித்துத் தேவையில்லை என்று முடிவு செய்யப்பட்டதா?’ என்று கேட்கும் கட்டம் கிடையாது.

மருத்துவரின் தயக்கத்துக்குச் சட்டம் மட்டும் காரணமன்று. அவர் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, குளியலறையில் வழுக்கி விழுந்த மூதாட்டி ஒருவர் நடந்தே வந்தார். நடந்து வந்ததாலேயே வலி மாத்திரை தந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் அவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். அன்று மாத்திரைச் சீட்டை எழுதிய கை இந்த மருத்துவருடையது. மேலே இருந்தவர் சொன்னதைத்தான் எழுதினார் என்பது உண்மை. அந்த உண்மை அவருக்கு ஒருபோதும் ஆறுதல் தந்ததில்லை. அதன்பின் ஓராண்டு, விழுந்து வந்தவர் எவராயினும் முதலில் கழுத்தைக் கட்டிவிட்டே பேசத் தொடங்குவார்.

இழப்பு பெரிது என்பதால் அச்சமும் பெரிதாகத்தான் இருக்கும். 1965இல் எவரெஸ்ட் சிகரத்தை அடைந்த மேஜர் எச்.பி.எஸ். அலுவாலியா அதே ஆண்டு நடந்த போரில் குண்டடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்தார். தில்லியில் முதுகுத்தண்டுக் காயங்களுக்கென்று ஒரு மருத்துவமனையை எழுப்பியவர் அவரே. 1954இல் வாகன விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்த மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவைச் சிகிச்சைகள் செய்து, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்துக்கு அடித்தளமிட்டார். இவர்கள் விதிவிலக்குகள். மரத்திலிருந்தோ மாடியிலிருந்தோ விழுந்து தண்டுவடம் சிதைந்த கூலித் தொழிலாளிக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஒரு கயிற்றுக் கட்டிலும், படுக்கைப் புண்ணும், சிறுநீர்த் தொற்றும்தான். எனவே, ‘எதற்கும் கட்டி வைப்போம்’ என்னும் எண்ணம் கருணையிலிருந்தே பிறந்தது. கட்டுவதால் தீங்கேதும் இல்லை என்று நம்பப்பட்ட காலம் வரை அதில் பிழை காணவும் எவருக்கும் தோன்றவில்லை.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது அறியத்தக்கது. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஃபாரிங்டன், நொறுங்கிய கார்களுக்குள் சிக்கியவர்களை முறையாக வெளியே எடுப்பது எப்படி என்று எழுதினார். அவர் பரிந்துரைத்தவற்றுள் நீண்ட பலகையும் கழுத்துப்பட்டையும் இருந்தன. பலகை என்பது காருக்குள்ளிருந்து உடலை நழுவவிட்டு வெளியே இழுப்பதற்கான கருவி. காலப்போக்கில் அக்கருவி படுக்கையாக மாறியது. இழுத்து முடித்த பின்னும் எவரும் அதை எடுக்கவில்லை. காருக்குள் சிக்காதவரும், தாமே இறங்கி நடந்தவரும்கூட அதில் கிடத்தப்பட்டனர்.

2001இல் காக்ரேன் ஆய்வுக்குழுவினர், முதுகுத்தண்டை அசையாமல் கட்டுவது பற்றிச் செய்யப்பட்ட சமவாய்ப்புச் சோதனைகளைத் தேடினர். அடிபட்டவர்களிடம் செய்யப்பட்ட சோதனை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. உலகெங்கும் கோடிக்கணக்கானோருக்குச் செய்யப்பட்டுவந்த ஒரு சிகிச்சைக்கு அடிப்படையாக இருந்தது வல்லுநர்களின் கருத்தும் வழக்கமும் மட்டுமே.

அதற்கு மூன்றாண்டுகள் முன்பே ஒரு சங்கடமான ஒப்பீடு வெளிவந்திருந்தது. ஹௌஸ்வால்டும் அவருடைய குழுவினரும் 1998இல் கோலாலம்பூரின் ஒரு மருத்துவமனையையும் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஒரு மருத்துவமனையையும் ஒப்பிட்டனர். மலேசியாவில் முதுகுத்தண்டு காயமடைந்து வந்த 120 பேரில் ஒருவரும் வழியில் கட்டப்பட்டு வரவில்லை. நியூ மெக்சிகோவில் 334 பேரும் கட்டப்பட்டு வந்தனர். நரம்பியல் ஊனம் மலேசியாவில் 11 விழுக்காடு; நியூ மெக்சிகோவில் 21 விழுக்காடு. இதைக் கொண்டு கட்டுவதால்தான் ஊனம் வந்தது என்று சொல்லிவிட முடியாது. இரு நாடுகளின் விபத்துகளும் வெவ்வேறு. மலேசியாவில் கடுமையாகக் காயமடைந்தோர் மருத்துவமனையை அடையும் முன்பே இறந்திருக்கவும் கூடும். ஆனால் கட்டாமல் கொண்டுவந்தால் பேரழிவு நேரும் என்ற அச்சத்துக்கு அந்த எண்கள் இடந்தரவில்லை. எலும்பை முறிக்கும் விசை விபத்தின் கணத்திலேயே செயல்பட்டு முடிந்துவிடுகிறது. பின்னால் நிகழும் சிறு அசைவுகளின் விசை அதனோடு ஒப்பிடத் தக்கதன்று. நினைவோடிருக்கும் மனிதனின் கழுத்துத் தசைகள் வலியால் தாமே இறுகி ஒரு காவலாகின்றன என்பது ஹௌஸ்வால்டின் வாதம்.

கட்டுவதன் தீங்குகளோ ஒவ்வொன்றாக அளக்கப்பட்டன. 1994இல் எந்தக் காயமும் இல்லாத 21 தன்னார்வலர்களைப் பலகையில் அரைமணி நேரம் கட்டி வைத்தனர். அனைவருக்கும் வலி வந்தது. கழுத்துப்பட்டை கழுத்தின் சிரைகளை அழுத்தி மண்டைக்குள் அழுத்தத்தை உயர்த்துகிறது. வாயைத் திறக்க விடாமல், சுவாசக் குழாய் செலுத்துவதைக் கடினமாக்குகிறது. சில மணிநேரங்களில் மோவாயிலும் பிடரியிலும் புண்ணை உண்டாக்குகிறது. குண்டடியும் கத்திக்குத்தும் பட்டு வந்த 45,284 பேரின் பதிவுகளை 2010இல் ஆராய்ந்தபோது, கட்டப்பட்டவர்களில் இறந்தோர் 14.7 விழுக்காடாகவும் கட்டப்படாதவர்களில் 7.2 விழுக்காடாகவும் இருந்தனர். இரத்தம் வடிந்துகொண்டிருக்கும் மனிதனுக்கு வார் இழுத்துக் கட்டும் நிமிடங்கள் எவ்வளவு விலையுயர்ந்தவை என்பதை அந்த எண்கள் உணர்த்தின. 2018இல் அமெரிக்காவின் மூன்று மருத்துவ அமைப்புகள் கூட்டாக வெளியிட்ட அறிக்கை, ‘அசையாமல் கட்டுதல்’ என்ற சொல்லையே விலக்கி, ‘அசைவைக் கட்டுப்படுத்துதல்’ என்று எழுதியது. உயிருள்ள உடலை முற்றிலும் அசையாமல் செய்ய எந்தக் கருவியாலும் இயலாது என்பதே அந்தச் சொல்மாற்றத்தின் பொருள்.

இவற்றையெல்லாம் அந்த இளம் மருத்துவர் படித்திருந்தார். படித்தது வேறு, இரவு பத்து மணிக்கு ஒரு மனிதனின் கழுத்திலிருந்து பட்டையைக் கழற்றுவது வேறு.

கழற்றலாமா என்று தீர்மானிக்க இரண்டு விதிமுறைகள் உலகெங்கும் பயன்படுகின்றன. முதலாவது 2000இல் வெளியான நெக்ஸஸ். அமெரிக்காவின் 21 மருத்துவமனைகளில் 34,069 பேரைக் கொண்டு சோதிக்கப்பட்டது. கழுத்தின் நடுக்கோட்டில் தொட்டால் வலி, நரம்புக் குறைபாடு, மந்தமான நினைவு, போதை, கவனத்தைத் திருப்பும் வேறு கடுங்காயம் ஆகிய ஐந்தும் இல்லையென்றால் படம்கூட எடுக்கவேண்டாம் என்கிறது அது. அத்தனை பேரில் கழுத்தெலும்புக் காயம் உண்மையில் இருந்தவர்கள் 818 பேர். நூற்றுக்கு இரண்டரைக்கும் குறைவு. விதி தவறவிட்டது எட்டுப் பேரை; அவர்களிலும் மருத்துவ முக்கியத்துவம் உள்ள காயம் இருவருக்கே இருந்தது.

இரண்டாவது, கனடாவின் பத்து மருத்துவமனைகளில் 8,924 பேரைக் கொண்டு உருவாக்கப்பட்டு 2001இல் வெளியான விதி. அது முழு நினைவோடு இருக்கும் வயதுவந்தோருக்கானது. அதில் மூன்று கேள்விகள் உள்ளன. அவற்றின் வரிசையில்தான் விதியின் உயிர் இருக்கிறது. முதல் கேள்வி ஆபத்தைப் பற்றியது: வயது 65 அல்லது அதற்கு மேலா, உயரத்திலிருந்து விழுதல் போன்ற கொடிய விபத்தா, கைகால்களில் மரமரப்போ எரிச்சலோ உண்டா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் அங்கேயே நின்று படம் எடுக்கவேண்டும். மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால்தான் இரண்டாம் கேள்விக்குச் செல்லலாம். அது ஆறுதலைப் பற்றியது: வெறும் பின்மோதலா, உட்கார்ந்திருக்கிறாரா, விபத்துக்குப் பின் எப்போதாவது நடந்தாரா, வலி தாமதமாக வந்ததா, நடுக்கோட்டில் தொட்டால் வலி இல்லையா? ஒன்றேனும் ‘ஆம்’ என்றால் மூன்றாம் கேள்வி: கழுத்தை இடப்புறமும் வலப்புறமும் 45 பாகை தாமே திருப்ப முடிகிறதா? திருப்பவேண்டியவர் நோயாளி, மருத்துவரின் கை அதில் படக்கூடாது.

ஆசிரியருக்கு வயது 38. கொடிய விபத்தன்று. விரல்களில் மரமரப்பில்லை, கைகால்கள் முழு வலுவோடு அசைந்தன. நின்ற காரின் மேல் நேர்ந்த பின்மோதல். தாமே இறங்கி நடந்தவர். வலி அரைமணி நேரம் கழித்து வந்தது. மது அருந்தவில்லை. தலையில் அடிபடவில்லை, நடந்தவை யாவும் நினைவில் இருந்தன. செவிலியர் தலையை இரு கைகளாலும் தாங்கிப் பிடித்துக்கொள்ள, மருத்துவர் பட்டையைக் கழற்றி ஒவ்வொரு முள்ளெலும்பாகத் தொட்டுப் பார்த்தார். பின்னர், “நீங்களே மெதுவாகத் திருப்புங்கள் சார், வலித்தால் நிறுத்திவிடுங்கள்” என்றார். ஆசிரியர் இடப்புறம் திருப்பினார், வலப்புறம் திருப்பினார். அவரைப் பலகையிலிருந்து இறக்கினார்கள். அவர் முதலில் கேட்டது கழிப்பறை எங்கே என்பதுதான். போதிய நேரம் கண்காணித்து, வாந்தி மீண்டும் வரவில்லை என்று உறுதிசெய்த பின்னரே வீட்டுக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று.

இந்த நிகழ்ச்சி இங்கே முடிந்திருந்தால், கற்ற விதி கைகொடுத்தது என்று அந்த மருத்துவர் நிறைவோடு அன்றைய பணியை முடித்திருப்பார். ஆனால் ஆசிரியரைச் சுற்றி நான்கு பேர் நின்றிருந்த அந்த நேரம் முழுவதும் வராந்தா பெஞ்சில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

மாலை வீட்டுத் திண்ணைப் படியில் தடுக்கி முகங்குப்புற விழுந்தவர் அவர். மோவாயில் இரண்டு விரற்கடை நீளத்துக்குக் காயம். பேரனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து வந்து, தாமே படியேறி, தையல் போடவேண்டும் என்று சொல்லிவிட்டு அமர்ந்திருந்தார். கட்டப்பட்டு வந்தவர் உள்ளே போனார். நடந்து வந்தவர் வெளியே காத்திருந்தார். எந்த மருத்துவமனையிலும் அதுதான் நடந்திருக்கும்.

முதலில் ஐயங்கொண்டவர் மூத்த செவிலியர். வராந்தாவில் இருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தபோது பெரியவர் கோப்பையை வாங்கவில்லை. பேரனிடம் சொல்லி வாயருகே பிடிக்கச் செய்து குடித்தார். குளிரில் கை விறைத்திருக்கும் என்று பேரன் சொன்னான். செவிலியர் திரும்பிப் பார்த்தார். பெரியவரின் கைகள் இரண்டும், தமக்குச் சொந்தமில்லாத பொருள்களைப்போல மடிமேல் கிடந்தன. சட்டையின் பொத்தான்கள் திறந்திருந்தன.

“மேடம், இவரைத் தையலுக்கு முன்னால் ஒருமுறை பாருங்கள்” என்றார் செவிலியர்.

“ஆஜோபா, கையில் என்ன செய்கிறது?” என்று மருத்துவர் கேட்டார். அப்பகுதியில் தாத்தாவை அப்படித்தான் அழைப்பார்கள்.

“மிளகாய் அரைத்த கைபோல எரிகிறது, போரி” என்றார் பெரியவர். போரி என்றால் மகள். “கழுத்து வலியெல்லாம் ஒன்றும் பெரிதில்லை. தையலைப் போட்டு அனுப்பிவிடு.”

வயது 71. முதல் கேள்வியிலேயே இரண்டு முறை ‘ஆம்’ வந்துவிட்டது. நடந்து வந்தார், உட்கார்ந்திருக்கிறார் என்ற ஆறுதல்கள் எல்லாம் இரண்டாம் கேள்விக்கு உரியவை. அங்கே செல்லவே அனுமதி இல்லை. ஆசிரியர் நடந்தார் என்பது அவருக்குச் சாதகமான சான்று. பெரியவர் நடந்தார் என்பது அவரைப் பற்றி எதையும் நிரூபிக்கவில்லை. கேள்விகளின் வரிசையை மாற்றி, நடந்தாரா என்று முதலில் கேட்ட நாளில்தான் அந்த மூதாட்டி மாத்திரையோடு வீட்டுக்குப் போனார். இவ்வளவு காலமும் தம்முடைய பிழை கட்டாமல் விட்டது என்றே மருத்துவர் எண்ணியிருந்தார். கேட்காமல் விட்டதுதான் பிழை என்பது அந்தக் கணத்தில் அவருக்குத் தெளிவாயிற்று. எல்லோரையும் கட்டிய அந்த ஓராண்டிலும் அவர் அதே பிழையைத்தான் வேறு உருவில் செய்துகொண்டிருந்தார்.

பெரியவரின் கால்களில் வலு ஏறக்குறைய முழுமையாக இருந்தது. கைகளிலோ பாதிகூட இல்லை. மருத்துவரின் இரு விரல்களை இறுகப் பற்றச் சொன்னபோது பற்ற முடியவில்லை. 1954இல் ஷ்னைடர் விவரித்த நடுத்தண்டுவடக் காயத்தின் இலக்கணம் இது. முதுமையில் கழுத்தெலும்புகளில் முட்கள் வளர்ந்து தண்டுவடத்தின் பாதை குறுகிவிடுகிறது. முகங்குப்புற விழும்போது தலை பின்னால் வளைகிறது. குறுகிய பாதைக்குள் தண்டுவடம் முன்னும் பின்னும் நசுங்குகிறது. எலும்பு முறியவேண்டிய அவசியமே இல்லை. எக்ஸ்ரே எடுத்தால் வயதுக்குரிய தேய்மானம் என்று மட்டும் தெரியும். கால்களை விடக் கைகள் மிகுதியாகப் பாதிக்கப்படும். ஆகவே நோயாளி நடந்தே வருவார்.

ஆசிரியரின் கழுத்திலிருந்து கழற்றிய பட்டை இப்போது மேசைமேல் கிடந்தது. ஆம்புலன்ஸ் ஊழியர்கள் அதை விட்டுச்செல்ல ஒப்புக்கொண்டனர். பெரியவரைக் கட்டிலில் படுக்க வைத்து, உதவியாளர் அவர் தலையை மெத்தையில் படியுமாறு மெல்ல அழுத்தினார். பெரியவர் அலறினார். இரு தோள்களிலிருந்தும் விரல்நுனி வரை மின்சாரம் பாய்ந்தது என்றார். மருத்துவர் உடனே நிறுத்தச் சொன்னார்.

“இவருக்குப் பத்து வருடமாகவே கழுத்து முன்னால் வளைந்துதான் இருக்கிறது மேடம்” என்றான் பேரன். “வீட்டில் மூன்று தலையணை வைத்துத்தான் தூங்குவார்.”

பட்டையைக் கழுத்தருகே பொருத்திப் பார்த்தபோது அதன் மோவாய்த் தாங்கி தலையைப் பின்னுக்குத் தள்ளியது. எந்தத் திசையில் வளைந்து தண்டுவடம் நசுங்கியதோ, அதே திசை. பட்டை வடிவமைக்கப்பட்டது நேரான கழுத்துக்காக. அந்தக் கழுத்து நாற்பதாண்டுகள் வயலில் குனிந்தது. முதுகெலும்பு இறுகி வளைந்துபோனவர்களை வலிந்து நிமிர்த்துவதால் புதிய முறிவும் பக்கவாதமும் நேர்ந்திருப்பது மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கிறது. மருத்துவர் பட்டையை எடுத்துத் தள்ளி வைத்தார். இரண்டு கம்பளிகளை மடித்து, பெரியவரின் தலை வழக்கமாக எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்துக்கு அடியில் வைத்தார். இருபுறமும் சுருட்டிய துண்டுகள். அவை நழுவாதிருக்க அரை லிட்டர் சலைன் பாட்டில்கள். மின்சாரம் பாய்வது நின்றதா என்று கேட்டார். நின்றது என்றார் பெரியவர்.

இரத்த அழுத்தமும் ஆக்சிஜனும் குறையாமல் பார்த்துக்கொள்வது முக்கியம் என்பதால் ஊசிவழித் திரவமும் ஆக்சிஜனும் தரப்பட்டன. நாகபுரியின் பெரிய மருத்துவமனைக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னபோது மறுமுனையில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, காலர் போட்டாயிற்றா என்பது. இல்லை என்றதும் குரல் உயர்ந்தது. கழுத்துக் காயம் என்று நீங்களே சொல்கிறீர்கள், காலர் இல்லாமல் இரண்டு மணிநேரம் அனுப்புவீர்களா, எழுதிக் கொடுப்பீர்களா? மருத்துவர் குரலை உயர்த்தவில்லை. எழுதித்தான் அனுப்புகிறேன் என்றார்.

பரிந்துரைச் சீட்டில் அவர் எழுதியது அரைப் பக்கம்: இரு கைகளிலும் வலு எவ்வளவு, கால்களில் எவ்வளவு, எந்த நேரத்தில் பரிசோதித்தது, கழுத்து நெடுங்காலமாக முன்வளைந்தது, நேராக்க முயன்றபோது நரம்பு அறிகுறி தோன்றி, பழைய நிலையில் வைத்ததும் மறைந்தது, ஆகவே பட்டை தவிர்க்கப்பட்டு, வழக்கமான நிலையிலேயே தலை தாங்கப்பட்டுள்ளது. பதிவேட்டில் ‘கழுத்துப்பட்டை போடப்பட்டதா?’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதி, கட்டத்துக்கு வெளியே ஓரத்தில் ‘காரணம் சீட்டில்’ என்று சேர்த்தார். ஆசிரியரின் பெயருக்கு நேரேயும் ‘கழற்றப்பட்டது; பரிசோதனை இயல்பு’ என்று ஓரத்தில்தான் எழுதவேண்டியிருந்தது.

ஆம்புலன்ஸ் புறப்படும்முன் பேரனைத் தாத்தாவின் தலைமாட்டில் உட்கார வைத்தார். “வழியெல்லாம் பேசிக்கொண்டே போ. தலையைத் திருப்பிப் பதில் சொல்லவேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் சொல். கை விரல்களை ஆட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இரு. வாந்தி வருகிறது என்றால் உடனே வண்டியை நிறுத்தச் சொல்” என்றார்.

இந்தியச் சாலைகளில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 4,61,312 விபத்துகளும் 1,68,491 இறப்புகளும் பதிவாயின; காயமடைந்தோர் 4,43,366 பேர். படியிலும் கிணற்றிலும் மரத்திலும் விழுந்தவர்கள் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். இவர்களுள் பலர் ஆட்டோவிலும் டிராக்டரிலும் காவல்துறை வாகனத்திலும்தான் மருத்துவமனைக்கு வருகிறார்கள். உதவுவோரைத் துன்புறுத்தக் கூடாதென்று 2016இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல்களுக்குச் சட்ட வலிமை அளித்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அந்தப் பாதுகாப்பு சேர்க்கப்பட்டது. வழிப்போக்கர் தூக்கிவரும் ஒருவரின் கழுத்தை முதன்முதலாக நிதானமாகத் தொட்டுப் பார்ப்பவர் பெரும்பாலும் இப்படியொரு சிறு மருத்துவமனையின் இளம் மருத்துவராகவோ செவிலியராகவோதான் இருப்பார். கனடாவில் அந்த மூன்று கேள்விகளையும் செவிலியர்களே நம்பகமாகக் கேட்க முடியும் என்பது 2010இல் வெளியான ஆய்வில் உறுதியாயிற்று. அதற்குச் சி.டி. எந்திரம் வேண்டாம். ஐந்து நிமிடமும், கேட்டதை எழுத ஒரு கட்டமும் போதும்.

நாகபுரியில் எடுத்த சி.டி. படத்தில் எலும்பு முறிவு இல்லை. எம்.ஆர்.ஐ. படத்தில் குறுகிய பாதைக்குள் தண்டுவடம் வீங்கியிருந்தது. தொலைபேசியில் குரலுயர்த்தியவர் மறுநாள் பகலில் தாமே அழைத்தார். வாழ்த்தும் சொல்லவில்லை, வருத்தமும் தெரிவிக்கவில்லை. நீங்கள் எழுதிய சீட்டு இங்கே உதவியாக இருந்தது, புறப்பட்டபோது இருந்த வலுவே வந்தபோதும் இருந்தது என்று மட்டும் சொன்னார். மருத்துவருக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆறு வாரம் கழித்துப் பெரியவர் பேரனோடு வந்தார். நடையில் தடுமாற்றமில்லை. இத்தகைய காயத்தில் கால்கள் முதலில் தேறும்; விரல்கள் கடைசியில்தான், அதுவும் பெரும்பாலும் முழுமையாக அன்று. வலக்கையால் அவருக்குத் தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடிந்தது. இடக்கை இன்னும் எரிந்தது. சட்டைப் பொத்தான்களைப் பேரன்தான் போட்டுவிடுகிறான் என்றார்.

பதிவேட்டின் அடுத்த கட்டு அச்சடித்து வந்தபோதும் கட்டங்கள் மாறவில்லை. செவிலியர் ஓர் அளவுகோலை எடுத்து, ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் பேனாவால் ஒரு கோடு இழுத்து, புதிய கட்டம் ஒன்றை வரையத் தொடங்கினார்.